பாத்ரூம் பைப் மாற்றவும் பிளான் அப்ரூவல் வேண்டுமா?

வீட்டுக் குழாய், கழிவுநீர் வேலைகளில் எது பழுது, எது கட்டுமானம்? திண்டுக்கல்லை முன்வைத்து ஒரு விளக்கம்

மாடி பாத்ரூமில் தண்ணீர் கசிகிறது. கீழ்வீட்டுச் சமையலறைச் சுவர் ஊறிப்போய், பெயின்ட் உரிந்து நிற்கிறது. பிளம்பர் வந்து தட்டிப் பார்க்கிறார். “அக்கா, பழைய பைப்பு போயிருச்சு. டைல்ஸ எடுத்துட்டுப் புதுசா லைன் இழுத்துரலாம். ரெண்டு நாள் வேலை” என்கிறார். சத்தம் கேட்டு எட்டிப் பார்த்த பக்கத்து வீட்டுக்காரர், “கார்ப்பரேஷன்ல சொல்லாம உடைக்காதீங்கம்மா, அப்புறம் நோட்டீஸ் வந்துரும்” என்று வயிற்றில் புளியைக் கரைக்கிறார். “பைப்பு மாத்துறதுக்கெல்லாம் யாருண்ணே பெர்மிஷன் வாங்குறா?” என்று பிளம்பர் சிரிக்கிறார்.

நாகல் நகரிலும் பேகம்பூரிலும், சின்னாளபட்டியிலும் வத்தலகுண்டிலும் அடிக்கடி கேட்கிற பேச்சுதான் இது. இருவரில் யார் சொல்வது சரி? இந்த வேலையைப் பொறுத்தவரை பிளம்பர் சொல்வதுதான் சரி. ஆனால், அதே பாத்ரூமை இடித்துவிட்டு வீட்டின் பக்கவாட்டுக் காலியிடத்தில் புதிதாகக் கட்டினால், பக்கத்து வீட்டுக்காரர் சொல்வது சரியாகிவிடும். பழுது எங்கே முடிகிறது, கட்டுமானம் எங்கே தொடங்குகிறது என்ற எல்லைக்கோடுதான் பலருக்கும் தெரிவதில்லை.

தெரியாததால் இரண்டு விதமாகத் தவறு நடக்கிறது. தேவையில்லாத அனுமதிக்கு இடைத்தரகரிடம் பணம் கொடுப்பவர்கள் உண்டு. தேவையான அனுமதியை வாங்காமல் ராத்திரியோடு ராத்திரியாகத் தெருவை வெட்டுபவர்களும் உண்டு. முதல் தவறில் பணம் போகிறது. இரண்டாவது தவறில் தெருவுக்கே வரும் குடிநீரில் சாக்கடை கலக்கலாம்.

சட்டம் என்ன சொல்கிறது?

தமிழ்நாட்டில் கட்டட அனுமதிக்கு அடிப்படை, 1971-ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டம். நிலத்தின் மீதோ, நிலத்துக்கு அடியிலோ செய்யும் கட்டுமான, பொறியியல் பணிகளை இந்தச் சட்டம் ‘வளர்ச்சிப் பணி’ என்று அழைக்கிறது. வளர்ச்சிப் பணி என்றால் அனுமதி வேண்டும்.

அதே சட்டத்தின் 2(13) பிரிவு சில விலக்குகளையும் தருகிறது. கட்டடத்தின் வெளித்தோற்றத்தைப் பெரிதாக மாற்றாத பராமரிப்பு, மேம்பாட்டுக்கான தற்காலிகப் பணிகள் வளர்ச்சிப் பணி ஆகாது. சாக்கடை, குடிநீர்க் குழாய், கேபிள் போன்றவற்றைச் சோதிக்கவும், பழுது பார்க்கவும், மாற்றவும் உள்ளாட்சி அமைப்பு தெருவைத் தோண்டுவதும் வளர்ச்சிப் பணி ஆகாது.

இரண்டாவது விலக்கில் ஒரு நுட்பம் இருக்கிறது. தெருவைத் தோண்டும் விலக்கு உள்ளாட்சி அமைப்புக்கும் சட்டப்பூர்வ அமைப்புகளுக்கும் மட்டும்தான். வீட்டுக்காரருக்கும் அவர் கூட்டி வந்த பிளம்பருக்கும் அது பொருந்தாது. “கார்ப்பரேஷன்காரங்க மட்டும் தோண்டுறாங்களே, நாங்க தோண்டுனா என்ன?” என்ற கேள்விக்கு விடை இதுதான்.

இந்தச் சட்டத்தோடு சேர்த்துப் படிக்க வேண்டியவை, 2019 பிப்ரவரியில் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள். மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி, ஊராட்சி என்று தனித்தனியாக இருந்த கட்டட விதிகளை ஒன்றாக்கியவை இவை. ஆகவே திண்டுக்கல் மாநகராட்சியில் ஒரு விதி, பக்கத்து ஊராட்சியில் வேறு விதி என்று இப்போது பேச முடியாது. அனுமதி தேவைப்படாத சிறு வேலைகளுக்கு இந்த விதிகளிலும் இடம் உண்டு. பூச்சு வேலை, வெள்ளையடிப்பு, தரை மாற்றுதல் போன்றவற்றுக்கு அனுமதி வேண்டாம் என்பதே தேசியக் கட்டட நெறிமுறையின் நிலைப்பாடும். ஆனால் அந்த வேலை கட்டடத்தின் உறுதியையும் தீப் பாதுகாப்பையும் கெடுக்கக் கூடாது.

எதற்கெல்லாம் அனுமதி வேண்டாம்?

ஏற்கெனவே இருப்பதை இருந்த இடத்திலேயே சரிசெய்வதும் மாற்றுவதும் பழுதுபார்ப்பு.

- குழாய், வால்வு, ஷவர், ஃப்ளஷ் டேங்க், வாஷ்பேசின் மாற்றுவது
- பழைய இரும்புக் குழாயை எடுத்துவிட்டு அதே வழித்தடத்தில் பிவிசி, சிபிவிசி குழாய் போடுவது
- இந்தியன் டாய்லெட்டை எடுத்துவிட்டு அதே இடத்தில் வெஸ்டர்ன் வைப்பது
- கசிவை நிறுத்த டைல்ஸை உடைத்து, வாட்டர் புரூஃபிங் செய்து மறுபடி ஒட்டுவது
- வீட்டு வளாகத்துக்குள் இருக்கும் சேம்பரில் அடைப்பு எடுப்பது, உடைந்த மூடியை மாற்றுவது
- மொட்டை மாடி பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டியை அதே அளவில் மாற்றுவது

இவற்றுக்கு பிளான் வேண்டாம், பொறியாளர் கையெழுத்து வேண்டாம், யாரையும் ‘கவனிக்க’ வேண்டிய அவசியமும் இல்லை. மேலே சொன்ன மாடி பாத்ரூம் வேலை இந்த வகைதான்.

உலகில் பல இடங்களில் இதே அணுகுமுறைதான். இங்கிலாந்தில்கூட இருக்கும் கழிவறைக் கோப்பையை அதே இடத்தில் மாற்றினால் அனுமதி கேட்பதில்லை. புதிதாகக் கழிவுநீர்க் குழாய் இழுத்துப் புதிய குளியலறை அமைத்தால்தான் கட்டட விதிகள் உள்ளே வருகின்றன.

எந்த இடத்தில் கட்டட அனுமதி தேவைப்படும்?

குழாய் வேலை என்ற பெயரில் கட்டடமே மாறும்போது அனுமதி வேண்டும். நான்கு சூழல்களைக் கவனிக்கலாம்.

முதலாவது, புதிய அறை. மொட்டை மாடியில் ஒரு பாத்ரூம், பின்பக்கம் ஒரு கழிவறை என்று சுவரும் கூரையும் எழும்பினால் தளப்பரப்பு கூடுகிறது. அது பழுது அல்ல, கட்டுமானம். சொத்து வரியும் அதற்கேற்ப மாறும்.

இரண்டாவது, காலியிடம். அனுமதி வாங்கிய வரைபடத்தில் வீட்டைச் சுற்றி விட்டிருக்கும் இடத்தில் கழிவறை கட்டினால் விதிமீறல். திண்டுக்கல்லின் பழைய தெருக்களில் இரண்டு வீட்டுச் சுவர்களுக்கு நடுவே ஓர் ஆள் நுழையும் சந்துதான் இருக்கும். அதையும் அடைத்துவிட்டால், நாளைக்குக் குழாய் உடைந்தால் பிளம்பர் போக வழி இருக்காது.

மூன்றாவது, பில்லர், பீம், ஸ்லாப். கழிவுநீர்க் குழாய் இறக்க “சின்னதா ஒரு ஓட்டை” என்று பீமை வெட்டுவது ஆபத்து. உள்ளே இருக்கும் கம்பி அறுபட்டால் பாரம் தாங்கும் சக்தி போய்விடும். கட்டமைப்பைத் தொடும் வேலை எதுவானாலும் தகுதியுள்ள பொறியாளரிடம் காட்டாமல் செய்யக் கூடாது. இங்கே ‘அனுமதி தேவையில்லாத சிறு பணி’ என்ற விலக்கைக் காட்டித் தப்ப முடியாது.

நான்காவது, பயன்பாடு மாறுவது. குடும்பம் இருந்த வீட்டை மெஸ், லாட்ஜ், ஹாஸ்டல் என்று மாற்றி, அதற்காக வரிசையாகக் கழிவறை கட்டினால், பயன்பாட்டு மாற்றத்துக்கே அனுமதி வேண்டும். ஐந்து பேருக்குப் போட்ட குழாயும் தொட்டியும் நாற்பது பேரைத் தாங்காது.

கட்டட அனுமதி வாங்குவது முன்புபோல அவ்வளவு சிக்கல் இல்லை. 2024 ஜூலையில் வந்த சுயசான்றிதழ் திட்டத்தின்படி, 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடிக்குள் தரைத்தளமோ, தரைத்தளமும் முதல் மாடியுமோ கொண்ட குடியிருப்புக் கட்டினால், ஒற்றைச் சாளர இணையதளத்தில் உடனடி அனுமதி பெறலாம். சின்ன வீடு புதிதாகக் கட்டுபவர் கழிவறை, செப்டிக் டேங்க், மழைநீர்த் தொட்டி எல்லாவற்றையும் முதல் வரைபடத்திலேயே காட்டிவிடுவது நல்லது. பிறகு ஒவ்வொன்றாகச் சேர்ப்பதைவிட அதற்குச் செலவும் அலைச்சலும் குறைவு.

கட்டட அனுமதி வேறு, இணைப்பு அனுமதி வேறு

பெரும்பாலான குழப்பம் இங்கேதான். பிளான் அப்ரூவல் வேண்டாம் என்றால் எந்த அனுமதியுமே வேண்டாம் என்று அர்த்தமில்லை. வீட்டு வாசலைத் தாண்டிக் குழாய் தெருவுக்குப் போகும்போது வேறு இரண்டு அனுமதிகள் வருகின்றன.

ஒன்று, இணைப்பு அனுமதி. புதிய குடிநீர் இணைப்பு, இணைப்பின் அளவைப் பெரிதாக்குவது, இடம் மாற்றுவது, பாதாள சாக்கடையில் புதிதாகச் சேர்வது ஆகியவற்றை உள்ளாட்சி அமைப்பில் விண்ணப்பித்து, கட்டணம் கட்டித்தான் செய்ய வேண்டும். 1998-ஆம் ஆண்டின் நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டமும், 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த அதன் விதிகளும் இதைக் கட்டுப்படுத்துகின்றன.

இன்னொன்று, சாலை வெட்டு அனுமதி. தெரு மாநகராட்சியுடையது என்றால் மாநகராட்சி பொறியியல் பிரிவு. நெடுஞ்சாலைத் துறையின் சாலை என்றால் அந்தத் துறை. சாலையைச் சீரமைக்கும் கட்டணத்தை முன்கூட்டியே கட்ட வேண்டியிருக்கும். நகருக்குள்ளேயே இரண்டு வகைச் சாலைகளும் இருப்பதால், தோண்டுவதற்கு முன் அது யாருடைய சாலை என்று கேட்டுக்கொள்வது நல்லது.

இதில் செய்யவே கூடாத மூன்று வேலைகள் உண்டு. மொட்டை மாடி மழைநீரைப் பாதாள சாக்கடையில் விடக் கூடாது. அப்படி விட்டால் ஐப்பசி மழையில் மேன்ஹோல் பொங்கித் தெருவில் ஓடும். அந்த மழைநீர் நிலத்துக்குள் போக வேண்டியது. தமிழ்நாட்டில் 2003-இலேயே எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. இரண்டாவது, கழிவறைக் குழாயை மழைநீர் வடிகாலில் செருகக் கூடாது. மூன்றாவது, குடிநீர்க் குழாயில் நேரடியாக மோட்டார் வைத்து உறிஞ்சக் கூடாது.

மூன்றாவதில் பக்கத்து வீட்டுக்காரரின் பங்கு பறிபோவது மட்டும் பிரச்சினை அல்ல. ஆத்தூர் காமராஜர் நீர்த்தேக்கம், வைகைப் பேரணை, காவிரிக் கூட்டுக் குடிநீர் என்று தூரத்திலிருந்து வரும் தண்ணீரை நம்பியிருக்கும் ஊர் திண்டுக்கல். எந்நேரமும் குழாயில் தண்ணீர் ஓடுவதில்லை. ஓடாத நேரத்தில் குழாய்க்குள் அழுத்தம் இருக்காது. அப்போது விரிசல் வழியாக வெளியே இருக்கும் சாக்கடை உள்ளே புகும். மோட்டார் வைத்து இழுத்தால் அது இன்னும் வேகமாகப் புகும். முறையில்லாமல் போட்ட ஒரே ஓர் இணைப்பின் மூட்டு போதும், அந்தத் தெருக் குழந்தைகள் வயிற்றுப்போக்கோடு அரசு மருத்துவமனைக்குப் போக.

செப்டிக் டேங்க்: கண்ணுக்குத் தெரியாத கட்டுமானம்

பாதாள சாக்கடை இல்லாத இடங்களிலும், மாவட்டத்தின் சமவெளிக் கிராமங்களிலும் செப்டிக் டேங்க்தான் வழி. “மண்ணுக்குள்ளதானே இருக்கு, யாருக்குத் தெரியப் போகுது?” என்று நினைப்பவர்கள் அதிகம். பழைய தொட்டியின் மூடியை மாற்றுவதும் சுவரைப் பூசுவதும் பழுது. புதிய தொட்டி தோண்டுவதும், இருப்பதை வேறு இடத்துக்கு மாற்றுவதும் அப்படியல்ல.

தேசியக் கட்டட நெறிமுறையின்படி தொட்டியின் அகலம் குறைந்தது 75 சென்டிமீட்டர், தண்ணீர் நிற்கும் ஆழம் குறைந்தது 1 மீட்டர், கொள்ளளவு குறைந்தது 1,000 லிட்டர். தொட்டியிலிருந்து வெளியேறும் நீரை மண்ணுக்குள் இறக்கும் உறிஞ்சுகுழி, குடிநீர்க் கிணற்றிலிருந்து குறைந்தது 18 மீட்டர், அதாவது ஏறக்குறைய 60 அடி தள்ளி இருக்க வேண்டும். வீட்டிலிருந்து 6 மீட்டர்.

இரண்டு, மூன்று சென்ட் மனையில் இது நடக்கிற காரியமா? பல வீடுகளில் ஒரு மூலையில் போர்வெல், எதிர்மூலையில் செப்டிக் டேங்க்; நடுவில் 30 அடிகூட இருக்காது. அடியில் தளம் போடாமல், “தண்ணி தானா எறங்கிரும், லாரி கூப்பிடவே வேணாம்” என்று பெருமையாகச் சொல்லப்படும் தொட்டிகளும் உண்டு. தானாக இறங்குகிற அந்தத் தண்ணீர் எங்கே போகிறது என்பதுதான் கேள்வி. திண்டுக்கல் பாறைப்பாங்கான மாவட்டம். நகரின் நடுவே நிற்கும் மலைக்கோட்டையே அதற்குச் சாட்சி. பாறை வெடிப்புகளில்தான் நிலத்தடி நீர் ஓடுகிறது. மணல் வடிகட்டுவதைப் போல வெடிப்பு வடிகட்டாது. ஒரு வீட்டுக் கழிவு அடுத்த வீட்டு போர்வெல்லுக்கு வந்து சேரலாம்.

நிலத்தடி நீர் கெட்டால் என்ன ஆகும் என்பதைத் திண்டுக்கல்லுக்கு யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. தோல் பதனிடும் ஆலைகளின் கழிவு பற்றிய வழக்கில் 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னபோது, பாதிக்கப்பட்ட ஐந்து மாவட்டங்களில் ஒன்றாக அன்றைய திண்டுக்கல் அண்ணா மாவட்டத்தையும் குறிப்பிட்டது. ஆலைக் கழிவைக் கண்டு கோபப்படும் ஊர், வீட்டுக் கழிவைக் கண்டுகொள்ளாமல் இருப்பது முரண்.

1854-இல் லண்டனின் பிராட் தெருவில் காலரா பரவி 600-க்கும் அதிகமானோர் இறந்தார்கள். மருத்துவர் ஜான் ஸ்னோ அந்தத் தெருவின் அடிபம்பைச் சுட்டிக்காட்டினார். பின்னர் தோண்டிப் பார்த்தபோது, 40-ஆம் எண் வீட்டின் கழிவுக்குழிச் செங்கல் சிதைந்து, மூன்று அடிக்கும் குறைவான தூரத்தில் இருந்த கிணற்றுக்குள் கழிவு கசிந்தது தெரிந்தது. ஒரே ஒரு வீட்டின் குழி அது. அந்த வீட்டுக்காரருக்கும் அது ‘சொந்த விஷயம்’தான்.

குழிக்குள் யார் இறங்குவது?

அனுமதியைவிட முக்கியமான கேள்வி இது. அடைப்பு எடுக்கவோ, தொட்டியைச் சுத்தம் செய்யவோ பாதுகாப்பு உபகரணம் இல்லாமல் மனிதரை உள்ளே இறக்குவது குற்றம். 2013-ஆம் ஆண்டின் கையால் மலம் அள்ளும் தொழில் தடைச் சட்டத்தின்படி முதல் முறைக்கு 2 ஆண்டு வரை சிறை அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் விதிக்கலாம். மறுபடி செய்தால் 5 ஆண்டு, 5 லட்சம் ரூபாய் வரை போகும். இந்தத் தடை மாநகராட்சிக்கும் ஒப்பந்ததாரருக்கும் மட்டுமல்ல, வீட்டுக்காரருக்கும் பொருந்தும்.

பல ஆண்டுகள் மூடிக் கிடந்த தொட்டியில் விஷவாயு நிரம்பியிருக்கும். ஒருவர் மயங்கி விழ, தூக்கப் போனவரும் விழ, ஒரே குழியில் இரண்டு மூன்று உயிர் போன செய்திகள் தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. இப்படி இறப்பவர்களின் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று 2014-இல் சொன்ன உச்ச நீதிமன்றம், 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக உயர்த்தியது.

தொட்டி நிரம்பினால் உரிமம் பெற்ற கழிவுநீர் லாரியை அழைப்பதே வழி. 14420 என்ற உதவி எண்ணையும் அழைக்கலாம். இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒரு முறை கசடை எடுத்துவிட்டால் அடைப்பும் வராது, உள்ளே இறங்கும் தேவையும் வராது.

பக்கத்து வீடும் அடுக்குமாடியும்

அடுக்குமாடிக் குடியிருப்பில் எல்லா வீட்டுக்கும் பொதுவாக இறங்கும் குழாய் தனி ஒருவருடையது அல்ல. ஒரு வீட்டின் பாத்ரூமை இடம் மாற்றினால் அது கீழ்வீட்டின் சமையலறைக்கு மேலே வரலாம். 2022-ஆம் ஆண்டின் தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம் 2024 மார்ச்சில் நடைமுறைக்கு வந்திருக்கிறது. பொதுக் குழாயைத் தொடும் முன் சங்கத்தின் எழுத்துபூர்வ ஒப்புதல் வாங்குவது பிற்காலச் சண்டையைத் தவிர்க்கும்.

தனி வீடுகளிலும் ஒருவர் கழிவுநீர் இன்னொருவர் நிலம் வழியாகப் போவது பழைய ஊர்களில் சாதாரணம். 1882-ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டப்படி, 20 ஆண்டுகள் வெளிப்படையாகவும் தடையில்லாமலும் உரிமையாகவும் அனுபவித்து வந்தால் அந்த உரிமை நிலைபெறும். ஆகவே, “என் எடத்துல போற பைப்ப அடைச்சிருவேன்” என்று ஒருவர் தானாக அடைப்பதும் சரியில்லை. இருப்பது போதாதென்று புதிய குழாயைச் சேர்த்துப் போடுவதும் சரியில்லை. பேசி எழுதிக்கொள்ள வேண்டும். முடியாவிட்டால் உரிமையியல் நீதிமன்றம்.

அனுமதி இல்லாமல் கட்டிவிட்டால்?

வேலையை நிறுத்தச் சொல்லவும், அனுமதியற்ற கட்டுமானத்தை அகற்றச் சொல்லவும் நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 56, 57 பிரிவுகள் அதிகாரம் தருகின்றன. 2024 டிசம்பர் 17-ஆம் தேதி மீரட் வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம், கட்டட முடிவுச் சான்றிதழைப் பார்த்த பிறகுதான் மின்சாரம், குடிநீர், கழிவுநீர் இணைப்புகளைத் தர வேண்டும் என்று நாடு முழுமைக்கும் பொருந்தும்படி சொன்னது. எத்தனை ஆண்டு ஆனாலும், எவ்வளவு செலவழித்திருந்தாலும், விதிமீறல் சட்டப்பூர்வமாகிவிடாது என்பதும் அந்தத் தீர்ப்பின் சாரம். தமிழ்நாட்டில் சிறு குடியிருப்புகளுக்கு முடிவுச் சான்றிதழிலிருந்து விலக்கு உண்டு. ஆனால் அந்த விலக்கு, கட்டட அனுமதியே வேண்டாம் என்று சொல்வதாகாது.

யாரிடம் கேட்பது?

திண்டுக்கல் மாநகராட்சிக்குள் குழாய், கழிவுநீர் இணைப்பு, சாலை வெட்டு என்றால் பொறியியல் பிரிவு. புதிய அறை, காலியிடம், பயன்பாட்டு மாற்றம் என்றால் நகரமைப்புப் பிரிவு. சின்னாளபட்டி போன்ற பேரூராட்சிகளில் செயல் அலுவலர். கிராமங்களில் ஊராட்சி அலுவலகம். வாய்மொழியாக “பண்ணிக்கங்க, ஒண்ணும் வராது” என்று யார் சொன்னாலும் அது அனுமதி ஆகாது. மனுவின் நகலும் ரசீதும் கையில் இருக்க வேண்டும்.

பட்டியல் வாசலில் இருக்கட்டும்

விதிகள் இல்லாமல் இல்லை. அவை சட்டப் பிரிவுகளாகவும் அரசாணைகளாகவும், சாதாரண மனிதர் படிக்க முடியாத மொழியில் கிடக்கின்றன. 1866-இல் நகராட்சியாகி, 2014-இல் மாநகராட்சியான திண்டுக்கல்லில் இன்று 48 வார்டுகள் இருக்கின்றன. ஒவ்வொரு வார்டிலும் மக்கள் கண்ணில் படும் இடத்தில், ‘இந்த வேலைகளுக்கு அனுமதி வேண்டாம், இவற்றுக்கு வேண்டும், கட்டணம் இவ்வளவு, இத்தனை நாளில் கிடைக்கும்’ என்று ஒரே ஒரு பலகை வைக்க எவ்வளவு செலவாகும்? பிளம்பர்களையும் கொத்தனார்களையும் அழைத்து ஒரு நாள் சொல்லிக்கொடுத்தால், வீட்டுக்காரருக்குத் தெரியாததை அவர்கள் சொல்வார்கள். மக்கள் முதலில் கேட்பதும் அவர்களைத்தான்.

இணைப்புக் கேட்பவரை மாதக்கணக்கில் அலையவிட்டால், அவர் ராத்திரியில் தெருவைத் தோண்டத்தான் செய்வார். முறையான வழி குறுக்குவழியைவிட எளிதாக இருக்கும்போதுதான் விதி மதிக்கப்படும்.

வீட்டுக்காரர்கள் நினைவில் வைத்துக்கொள்ள ஒரு கணக்குப் போதும். இருந்ததை இருந்த இடத்தில் மாற்றினால் பழுது. சுவரும் கூரையும் எழும்பினால் கட்டுமானம். வாசலைத் தாண்டினால் அது ஊர்ச் சொத்து. முதலாவதற்குப் பயப்பட வேண்டாம். மற்ற இரண்டுக்கும் கேட்காமல் கடப்பாரையை எடுக்க வேண்டாம்.